கால்விரலும் காந்தக்கோடும்

கெடிலத்தின் கரையிலே, திருவந்திபுரத்திலே, ஒளடதகிரி என்றொரு சிறு குன்று. மருந்துமலை என்பது பொருள். அனுமான் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிந்திய துண்டு அது என்று தலபுராணம் சாற்றும். நிலவியலார் இவ்வட்டாரத்துப் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்றே பெயரிட்டிருக்கின்றனர். திருவக்கரையிலே கல்லாகிக் கிடக்கும் மரங்கள் அந்தப் பாறையின் வயிற்றில் இருந்தவைதாம். ஆனால் மரம் கல்லான கதையைக் கேட்க யார் குன்றேறுகிறார்கள்? உச்சியிலே இருப்பவர் குதிரைமுகத்து அயக்கிரீவர், கல்விக் கடவுள்! தேர்வுக் காலம் வந்துவிட்டால் 74 படிகளிலும் மாணவர் கூட்டம். எழுதுகோலைத் திருவடியில் வைத்து வாங்கிச் செல்வர்.

அந்தப் படிக்கட்டிலேதான் ஒரு மாணவத் தம்பி தன் கைபேசியை நம்மிடம் நீட்டினான். "ஐயா, இதைப் படித்துப் பாருங்கள். சிதம்பரம் கோயில் முழுவதும் விஞ்ஞானம் என்று மெய்ப்பித்துவிட்டார்கள்" என்றான். குரலிலே பெருமிதம். நாமும் படித்தோம். பல ஆண்டுகளாகக் கைக்குக் கை மாறி வரும் ஏடுதான் அது. பொது அறிவு என்ற பெயரிலே இன்று இளைஞர்கள் அதிகம் படிக்கும் இலக்கியம் இதுவாகிவிட்டபடியால், இதனைத் திறனாய்வு செய்வது நம் கடமையாகிறது.

தொடக்கமே தோரணையானது. மேலைநாட்டு அறிஞர்கள் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார்களாம். பல கோடி செலவிட்டார்களாம். உலகின் காந்த மையப்புள்ளி நடராசரின் கால் பெருவிரலில் இருக்கக் கண்டார்களாம். யார் அந்த அறிஞர்? பெயர் இல்லை. எந்தப் பல்கலைக் கழகம்? ஊர் இல்லை. எந்த ஆண்டு? அதுவும் இல்லை! ஒரு குற்றத்துக்கு இப்படிச் சாட்சி சொன்னால் ஊர்ப் பஞ்சாயத்துகூட ஏற்காது.

காந்த நடுக்கோடு என்பது உண்டு, மறுக்கவில்லை. தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்தால் உலகைச் சுற்றி ஒரு கோடு கிடைக்கும். அதுதான் அது. சுற்றி வரும் வளையத்துக்கு வளையத்தின்மேலேயே ஒரு மையப்புள்ளி எப்படி வரும்? வளையலின் நடு வளையலிலா இருக்கிறது? அந்தக் கோடும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. ஆண்டுதோறும் மெல்ல நகர்வது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை அக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலேயே தேர்ந்து, 1963 நவம்பர் 21-ல் முதல் ஆய்வு ராக்கெட்டை அங்கிருந்து ஏவினர். தில்லையிலிருந்து தெற்கே சில நூறு கிலோமீட்டர் போனால்தான் அக்கோட்டைத் தொடலாம். பெருவிரல் அவ்வளவு நீளமன்று!

அடுத்தது நேர்க்கோடு. காளத்தி, காஞ்சி ஏகம்பம், தில்லை ஆகிய மூன்றும் கிழக்குத் தீர்க்கக்கோடு 79 பாகை 41 கலையில் நிற்கின்றன என்கிறது ஏடு. இங்கே நம் தோழர் ஒருவரைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏட்டுக்கு மறுப்பு எழுதிப் பரப்பிய அவர், "மூன்றும் ஒரே கோட்டில் இல்லை, எல்லாம் புளுகு" என்று முழங்கினார். நிலப்படத்தைப் பார்த்தாரா? பார்க்கவில்லை! மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில்தான் இருக்கின்றன. வேறுபாடு ஒரு கிலோமீட்டர் அளவே. எதிரி சொன்னான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. பகுத்தறிவாளன் பார்க்காமல் மறுத்தால், பார்க்காமல் நம்பியவனுக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு? அந்தத் தோழர் வருந்தினாலும் வருந்தட்டும்.

அப்படியானால் ஏடு வென்றதா? இல்லை. ஐம்பூதத் தலங்கள் ஐந்து. நெருப்புக்குரிய அண்ணாமலை அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மேற்கே. நீருக்குரிய ஆனைக்கா 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே. ஐந்தில் பொருந்தாத இரண்டை ஏடு சத்தமில்லாமல் விட்டுவிட்டது. காளத்திக்கும் தில்லைக்கும் இடையே 260 கிலோமீட்டர். கோயில் இல்லா ஊரே இல்லாத நாட்டில் இவ்வளவு நீளத்துக்குக் கோடிழுத்தால் எத்தனை கோயில்கள் அதில் மாட்டும்! நாங்கள் நின்றிருந்த திருவந்திபுரமே அக்கோட்டை ஒட்டி, ஓரிரண்டு கிலோமீட்டர் கிழக்கேதான் இருக்கிறது. பாவம், தேவநாதப் பெருமாள் வைணவர். சைவக் கோட்டிலே அவருக்கு இடம் தரவில்லை!

இதயம் இடப்புறம் இருப்பதுபோலப் பொற்சபையும் சற்று இடப்புறம் என்கிறது அடுத்த வரி. இதயம் மார்பின் நடுவில், மார்பெலும்பின் பின்னே இருக்கிறது. அதன் முனைதான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பள்ளி உடலியல் படம் போதும்.

21,600 பொன்னோடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை என்கிறார்களே, அதுதான் நாம் நின்று பேச வேண்டிய இடம். நிமிடத்துக்கு 15 என்று கொண்டால் கணக்கு வரும். ஆனால் ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதன் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகிறான். அதாவது நாளொன்றுக்கு 17,280 முதல் 28,800 வரை. பிறந்த குழவிக்கோ நிமிடத்துக்கு 30-க்கும் மேல். பிறகு 21,600 எங்கிருந்து வந்தது? மூச்சை எண்ணி வந்ததன்று. காலத்தைப் பகுத்து வந்தது. 6 உயிர்ப்பு ஒரு விநாழிகை, 60 விநாழிகை ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். பெருக்கிப் பாருங்கள். வட்டத்தின் 360 பாகைகளைக் கலைகளாக்கினாலும் அதே 21,600. ஓர் உயிர்ப்புப் பொழுதில் பூமி ஒரு கலை சுழல்கிறது என்று கி.பி. 499 அளவில் எழுதியவர் ஆரியபட்டர். விண்மீன்கள் ஓடவில்லை, பூமிதான் சுழல்கிறது என்றார். கிரகணம் நிழலால் வருவது என்றார். அதற்காகவே அவரைக் கண்டித்துப் பிரமகுப்தர் 628-ல் எழுதினார். எத்தகைய போராட்டம் அது! அந்த எண்ணின் பின்னே ஓர் அறிஞனின் துணிவு நிற்கிறது. ஏடோ அவனை மறைத்துவிட்டு, அவன் அளவுகோலைக் கூரையிலே ஆணியடித்து வைத்திருக்கிறது.

மறைக்கப்பட்டவர் அவர் மட்டுமல்லர். பத்தாம் நூற்றாண்டில் பராந்தகச் சோழன் தில்லையில் பொன் வேய்ந்தான் என்று சோழர் செப்பேடு கூறும். பொன்னை உருக்கித் தகடாக்கிய தட்டானின் பெயரை எந்த ஏடு கூறுகிறது? சஞ்சீவி மலைக் கதையாவது, "நம்பு" என்று நேரே கேட்கிறது. இது விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு, "சரிபார்க்க வேண்டாம், சரிபார்த்தாகிவிட்டது" என்கிறது. நாளைத் தேர்வெழுதப் போகும் பிள்ளைக்கு இதைவிடக் கேடான பாடம் வேறென்ன?

தம்பி முகம் வாடினான். "அப்படியானால் இதை அழித்துவிடவா, ஐயா?" என்றான். "வேண்டாம்; முதலில் உன் மூச்சை எண்ணு" என்றோம். படியோரம் அமர்ந்து ஒரு நிமிடம் எண்ணினான்: 18. உச்சிக்குப் போய்வந்து, மூச்சிரைக்க, மறுபடியும் எண்ணினான்: 31. கைபேசியிலேயே பெருக்கத் தொடங்கினான்.