பச்சை விளக்கு எதைச் சொல்கிறது?

உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள சுவிட்சுப் பலகையைச் சற்றுப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து, 'கரண்ட் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது' என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த விளக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன்னிடம் மின்சாரம் வந்திருக்கிறது. கிணற்றடியில் மோட்டார் சுழல்கிறதா, மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்பதை அது அறியாது. நாம்தான் அது சொல்லாததையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.

வீட்டில் இப்படிப் படித்தால் தொட்டி காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். உணவுத் தொழிற்சாலையில் இப்படிப் படித்தால், குழந்தை கடிக்கும் பிஸ்கட்டில் ஓர் உலோகத் துணுக்கு இருந்துவிடலாம். ஆகவே, உணவைச் சோதிக்கும் கருவிகளின் மேல் எரியும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளை நாம் சற்றுக் கடுமையாகவே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் இவ்விளக்குகளின் நன்மையை மறைக்காமல் சொல்லிவிடுவோம். தொழிற்சாலையில் இரைச்சல் அதிகம். கூப்பிட்டால் காதில் விழாது. விளக்கோ தொலைவிலிருந்தே தெரியும். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் படித்திருக்க வேண்டியதில்லை. நிறங்களுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு பொது விதியும் வகுத்திருக்கிறது. சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சள் என்றால் வழக்கத்துக்கு மாறான நிலை. பச்சை என்றால் சீரான நிலை. நீலம் என்றால் இயக்குபவர் உடனே ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். இவை நல்ல ஏற்பாடுகளே. குறை நிறத்தில் இல்லை. 'சீரான நிலை' என்பது எதன் நிலை என்ற கேள்வியில்தான் இருக்கிறது.

மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காணியை எடுத்துக்கொள்வோம். பெல்ட்டின் மேல் வரும் பாக்கெட்டுகள் ஒரு சுரங்கம் போன்ற பெட்டிக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. அப்பெட்டிக்குள் மூன்று கம்பிச்சுருள்கள் உண்டு. நடுச்சுருள் மாறுமின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இருபுறச் சுருள்களிலும் சமமான மின்னழுத்தம் தோன்றி, ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது. தராசின் இரு தட்டுகள் சமமாக நிற்பதைப் போன்றது இது. உலோகத் துணுக்கு ஒன்று உள்ளே வந்தால் சமநிலை குலைகிறது. உடனே கருவி, காற்றை வேகமாக ஊதியோ தள்ளுகோலால் தள்ளியோ அந்தப் பாக்கெட்டை ஒதுக்குகிறது.

இப்போது பச்சை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் என்ன? கருவிக்கு மின்சாரம் வருகிறது என்பதா? சுருள்கள் சமநிலையில் உள்ளன என்பதா? ஒதுக்கும் பொறி வேலை செய்கிறது என்பதா? அல்லது, கடந்து சென்ற பாக்கெட்டுகள் யாவும் நல்லவை என்பதா? இந்நான்கும் வெவ்வேறு செய்திகள். அழுத்தக் காற்றுக் குழாயில் காற்று குறைந்துவிட்டால், கருவி உலோகத்தைச் சரியாகவே கண்டுபிடிக்கும்; ஒரு கணம் சிவப்பு விளக்கும் மின்னும்; ஆனால் கெட்ட பாக்கெட் ஒதுங்காமல் நல்லவற்றோடு சேர்ந்து போய்விடும். மறுகணம் பச்சை எரியும். விளக்கு பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. அதனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காதவர் அதை அமைத்தவரே.

இவ்வகைத் தவறு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து ஒரு சான்று. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினர். ஆனால் அந்த விளக்கு, 'மூடு' என்ற கட்டளை போய்விட்டதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் உட்கருவில் சுமார் பாதி உருகிப்போயிற்று. கட்டளை வேறு, நிறைவேற்றம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

உணவுத் துறையிலேயே இதற்கு நல்ல மறுமொழி ஒன்று இருக்கிறது. பாலைப் பாஸ்டர் முறையில் 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 விநாடி வைத்திருந்து குளிர்விக்கிறார்கள். வெப்பம் குறைந்தால், பாலைத் திருப்பிவிடும் வால்வு அதை மீண்டும் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். இவ்வால்வின் தண்டோடு இணைந்த ஒரு சிறு சுவிட்சு, வால்வு இருக்கும் இடத்தை நேரே உணர்கிறது. 'பால் முன்னே போகிறது', 'பால் திரும்புகிறது' என்று காட்டும் விளக்குகள் அதிலிருந்தே செய்தி பெறுகின்றன. கட்டளை இட்டவரை விடுத்து, வேலை செய்தவரையே கேட்டு எரியும் விளக்குகள் இவை! உலோகங்காணியிலும் இதைச் செய்யலாம். காற்றழுத்தத்தை அறிய ஒரு சுவிட்சும், ஒதுக்கிய பாக்கெட் கூடையில் விழுந்ததை அறிய ஓர் ஒளிக்கண்ணும் போதும். நல்ல கருவிகளில் இவை இருக்கின்றன. விலையைக் குறைக்க இவற்றை விட்டுவிடும் கருவியின் பச்சை விளக்கை நம்புவதற்கில்லை.

இரண்டாவது குறை, அணைந்த விளக்கின் பொருள். ஆபத்தின்போது மட்டும் சிவப்பு எரியும்படி அமைத்துவிட்டு, அந்த விளக்கே பழுதாகிவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் நலம் என்றே தோன்றும். ஆகையால், நலமாக இருக்கும்போது ஒரு விளக்கு எரிய வேண்டும். எதுவும் எரியாவிட்டால் பெல்ட் நிற்க வேண்டும். இதுவே பாதுகாப்பான முறை.

மூன்றாவது குறை, பார்க்கும் கண்ணைப் பற்றியது. ஐரோப்பிய மரபினரில் ஆண்கள் 100 பேரில் சுமார் 8 பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரிவரத் தெரிவதில்லை. பெண்களிடம் இக்குறை மிக அரிது. சுவீடனில் 1875-இல் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, ஹோம்கிரென் என்னும் உடலியல் அறிஞர் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியர்களின் கண்களைச் சோதித்தார். அந்த விபத்துக்கு நிறக்குருடுதான் காரணமா என்பதில் பின்வந்தோருக்கு ஐயம் உண்டு. ஆனால் சோதனை தேவை என்பதில் ஐயமில்லை. விளக்குகளை மேலும் கீழுமாக எப்போதும் ஒரே வரிசையில் வைத்தால் இடத்தைக் கொண்டே நிலையை அறியலாம். இன்று பரவிவரும் வளைய வடிவ விளக்குகளில் ஒரே இடத்தில்தான் நிறம் மாறுகிறது. அங்கே இந்த உதவி போய்விடுகிறது. நிறத்தோடு மின்னும் வேகத்தையும் மாற்றினால் குறை ஓரளவு தீரும்.

ஆயினும் வளைய விளக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அடுக்கடுக்காக நிற்கும் பழைய விளக்குத் தூண்களில் இடுக்குகள் பல. அங்கே ஈரமும் உணவுத் துகளும் தங்கினால் கிருமிகள் குடியேறும். 2008-இல் கனடாவில் இறைச்சியைத் துண்டுபோடும் பொறிகளின் உள்ளிடுக்குகளில் தங்கிய லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவால் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளிர்ப்பெட்டியின் குளிரிலும் வளரும் கிருமி அது. ஆகவே உணவுக்கு மேலே நிற்கும் விளக்கு வழவழப்பாகவும், இடுக்கின்றியும், கண்ணாடியின்றியும் இருக்க வேண்டும். 80 டிகிரி வெப்பநீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் பீச்சிக் கழுவினாலும் நீர் புகாமல் இருக்க வேண்டும். உணவைக் காக்க வந்த விளக்கே உணவைக் கெடுத்தால் என்ன பயன்?

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் இறுதியில் மனிதர் ஒருவர் தேவைப்படுகிறார். இரும்பு, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றின் சிறு குண்டுகளைக் கொண்ட சோதனைத் துண்டுகளைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை பெல்ட்டில் அனுப்பிப் பார்க்கிறார் அவர். இவற்றுள் எவர்சில்வரைக் கண்டுபிடிப்பதே கடினம். துண்டு ஒதுங்காவிட்டால், கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பின் சென்ற பாக்கெட்டுகள் அனைத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த இடைவேளை முழுவதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்! எனவே விளக்கு சோதனைக்குத் துணையே தவிர, சோதனைக்கு மாற்று அன்று.

மாணவ நண்பர்களே, இன்று உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ மூன்று காட்டு விளக்குகளைத் தேடிப்பிடியுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, 'நீ எதை அறிந்து எரிகிறாய்? அணைந்தால் என்ன பொருள்?' என்று கேளுங்கள். விடையை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் நம்பியதற்கும் விளக்கு உண்மையில் சொல்வதற்கும் உள்ள இடைவெளி அப்போது தெரியும். நாளை உங்களில் ஒருவர் இத்தகைய கருவியை அமைக்கும் பொறியாளர் ஆகலாம். அன்று அந்த இடைவெளியை அடைக்க வேண்டியவர் நீங்களே.