எஞ்சின் மூச்சுவிடும் வழி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் வரிசையாக நிற்கும் பைக்குகளைப் பார்த்தால் என் கண் முதலில் தேடுவது பிரீதர் டியூபைத்தான். 350 சிசி ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம், ஏறக்குறைய அதே அளவு காற்று கிராங்க்கேஸுக்குள் நெருக்கப்படுகிறது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயுவும் அதோடு சேரும். அது வெளியேறும் வழியான பிரீதர் டியூப் அடைபட்டால் ஆயில் சீல்கள் கசியும்.

நல்ல மெக்கானிக் அந்த டியூபைப் பதிக்கும் விதமே தனி அழகு. எஞ்சினிலிருந்து ஏர்பாக்ஸ்வரை ஒரே ஏற்றம். எங்கும் தொய்வு கிடையாது. தொய்ந்த இடத்தில் நீரும் ஆயிலும் தங்கிவிடும். ஏற்றமாக இருந்தால் ஆயில் துளிகள் தாமாகவே எஞ்சினுக்குத் திரும்பும். வளைவில் நசுங்கக் கூடாது, சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில், எஞ்சின் முழுதாகச் சூடேறுமுன் நின்றுவிடும் குறும்பயணங்கள் டியூபுக்குள் வெண்ணெய்போல் வெளுத்த கசடைச் சேர்க்கும். காக்கி புக்கிட், ஊபி பட்டறைகளில் டியூபைக் கழற்றித் துடைத்து, பழைய வழியிலேயே கிளிப் மாட்டும் கைகளை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.