பரமசிவனும் ஆயுள் சந்தாவும்

விசித்திரமும் கசப்பான ஹாஸ்யமும் கலந்த கதைகளில் ருசியுள்ளவர்கள், புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைப் படித்துப் பார்க்க வேண்டும். சென்னைத் தெருவில் மனித ரூபத்தில் வந்து நிற்கும் பரமசிவன் காப்பி ஹோட்டலில் 100 ரூபாய் நோட்டை நீட்ட, வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளையோ, மோக்ஷத்தைப் பற்றிக் கவலைப்படாமல், 25 ரூபாய் ஆயுள் சந்தாவிலேயே கண்ணாயிருக்கிறார். அற்புதம் நிகழ்கிறதென்று ஆசிரியர் எங்குமே குரலை உயர்த்துவதில்லை; டிராம் வண்டியை வர்ணிக்கும் அதே நிதானத்தோடு தெய்வத்தையும் வர்ணிக்கிறார், அதுவே அபாரமான சாமர்த்தியம். தில்லையில் ஆடியவன் ஒரு கனவானின் வீட்டில் புலித்தோலும் பாம்புமாக ஆடிக்காட்டி, ரசிப்பாரின்றித் திரும்பும் கட்டத்தில், நகைப்பும் துக்கமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நெஞ்சை அடைக்கின்றன.