கவிழ்த்த சீட்டின் கணக்கு

லாஸ் வேகாஸ் விடுதிகளின் ஒன்று-மூன்று டாலர் போக்கர் மேஜைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறவர்கள், பழுப்புத் தொப்பியும் மெலிந்த தேகமுமாக டீலருக்கு எதிர்வரிசை நாற்காலியையே தேடி அமரும் அந்த முதியவரை அறிந்திருப்பார்கள். அவர் பயந்த சுபாவம் உடையவர், கையில் வந்த லட்சுமியைக் கைநழுவ விடுகிறவர் என்பதே அவரைப் பற்றி அவர்களில் அநேகருடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் முற்றிலும் பிழையானது.

நான் பார்த்த ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் கையில் இஸ்பேட் ஆஸும் ராஜாவும். மேஜையில் இன்னோர் ஆஸ். கடைசிச் சீட்டாக ஆட்டின் எட்டு விழுந்தபோது நடுவில் 120 டாலர் சேர்ந்திருந்தது. அவர் 60 டாலர் வைத்தார். அதுவரை இரண்டு சுற்றுகளிலும் வாய் திறவாமல் ஈடுகட்டி வந்த எதிராளி, திடீரென்று அதை 200 ஆக உயர்த்தினார். முதியவர் கட்டைவிரலால் சீட்டுகளின் ஓரத்தை ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு இரண்டையும் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளிவிட்டார். என் பக்கத்தில் நின்றவர் உச்சுக் கொட்டினார்.

இன்னும் 140 டாலர் வைத்து 380 டாலரை ஜயிக்க முயல்பவர், நூற்றுக்கு 27 தடவையாவது ஜயித்தால்தான் கைமுதல் தேறும். ஆனால் இந்தச் சிறு தொகை மேஜைகளில், இரண்டு சுற்று மௌனமாயிருந்துவிட்டுக் கடைசிச் சீட்டில் உயர்த்துகிறவர்களில், வெறுங்கையோடு உயர்த்துகிறவர் பத்தில் ஒருவருக்கு மேல் இருப்பதாக என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. அந்த ஒருவரை நம்பி ஒவ்வொரு தடவையும் பணம் வைப்பவருக்குத் தடவை ஒன்றுக்குச் சராசரி 88 டாலர் நஷ்டம். மணிக்கு 24 டாலர் ஈட்டுபவரை இந்த மேஜையில் நல்ல ஆட்டக்காரர் என்கிறோம்; ஆகவே உச்சுக் கொட்டப்பட்ட அந்த ஒரு கவிழ்ப்பு, ஏறக்குறைய நாலு மணி நேர உழைப்பின் ஊதியம். அது சில்லுக் குவியலில் எங்கும் தென்படாது என்பதாலும், எதிராளி தம் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பதாலும், அதைப் பாராட்டுவார் இல்லை. முன்னால் மலைபோல் சில்லு குவித்திருப்பவரையே ஜனங்கள் லாபக்காரர் என்று நம்புகிறார்கள். அந்தக் குவியலை உண்டாக்க அவர் எத்தனை தடவை புதிதாகச் சில்லு வாங்கினார் என்று ஒருவரும் எண்ணுவதில்லை.

முதியவர் எண்ணுகிறார். எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, அமர்ந்த நேரம், எழுந்த நேரம், வாங்கிய தொகை, மாற்றிய தொகை, வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல் வரை எழுதுகிறார். விடுதி எடுத்துக்கொள்ளும் பங்கும் டீலருக்கு வைக்கும் டாலரும் தாமாகவே அதில் கழிந்துவிடுகின்றன.

இங்கே அவசரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மணிக்குச் சுமார் 30 ஆட்டமே நடக்கும் நேரடி மேஜையில், ஒரு மணி நேரத்தின் திட்ட விலக்கம் 120 டாலர் என்று வைத்துக்கொண்டால், நூறு மணி நேரக் கணக்கில்கூட அதிர்ஷ்டம் சராசரியை மணிக்கு 24 டாலர் வரை ஏற்றியோ இறக்கியோ காட்டக்கூடும்; நூறு மணி ஆடி மணிக்கு 24 டாலர் லாபம் கண்டவர், உண்மையில் லாபமே இல்லாதவராகவும் இருக்கலாம். தொள்ளாயிரம் மணி ஆன பிறகுதான் அந்தப் பிழை 8 டாலருக்குச் சுருங்குகிறது. ஒரு மாதம் ஜயித்ததும் உத்தியோகத்தை விட்டுவிட எண்ணுகிற இளைஞர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே மனம் பதைக்கிறது.

வருகிற கோடையில் உலகப் போக்கர் போட்டித் தொடருக்காக நகரம் நிரம்பும்போது, இன்று கொண்டாடப்படும் அந்தச் சில்லு மலைகளில் பாதி கரைந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கிறேன். முதியவரோ அதற்குள் இரண்டு-ஐந்து மேஜைக்கு ஏறியிருப்பார். அங்கே வெறுங்கையோடு உயர்த்துகிறவர்கள் அதிகம். இந்தக் கவிழ்ப்பையே அவர் அங்கேயும் கட்டிக்கொண்டிருந்தால் லாபம் குறையும். ஆனால் அன்று சீட்டைப் பார்த்த பிறகு அவர் எதிராளியின் விரல்களையும் நெடுநேரம் பார்த்தார். அடுத்த வருஷம் கடைசிச் சீட்டில், நடுங்காத கையோடு 140 டாலரை முன்னே தள்ளப் போகிறவர் அவரே.