முகமூடியும் கூனும்

விகாரத்தைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு ஒரு காலத்தில் கூச்சமே இருந்ததில்லை. ஆரம்பக் கதை ஒன்றில் திக்கித் திக்கிப் பேசும் ஒரு குமாஸ்தாவை வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கை செய்தேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. திக்குவாய் உள்ள நண்பர் ஒருவரும், "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஸார்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பழைய பிரெஞ்சு அச்சுப் படங்களைப் புரட்டும்போதெல்லாம் அந்த ஞாபகம் குறுக்கே வருகிறது.

பாரீஸுக்குத் தெற்கே உள்ள பாந்தேன்புளோ அரண்மனையை அலங்கரிக்க, முதலாம் பிரான்ஸுவா மன்னன் இத்தாலியிலிருந்து 1530-ல் ரோஸ்ஸோவையும் 1532-ல் பிரிமாத்திச்சோவையும் வரவழைத்தான். சுவர்ச் சித்திரங்களைச் சுற்றிச் சுதையில் பழக்கொத்துகள், தோல்போல் சுருண்ட பட்டைகள், இடையிடையே இளிக்கும் முகங்கள். 1540-களில் பான்துஸ்ஸி முதலியோர் இவற்றைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்செடுத்தார்கள். சில படங்களில் நடுவிலிருந்த கதையை எடுத்துவிட்டு, வெறும் நிலக்காட்சியைப் போட்டுச் சட்டத்தை மட்டும் காப்பாற்றினார்கள். மூலவர் போய்விட்டார்; துவாரபாலகர்கள் நிற்கிறார்கள்! ரெனே புவாவேன் பெயரில் வழங்கும் முகமூடித் தகடுகளும் இந்த வம்சந்தான். ஸாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு அவை தட்டானுக்குக் கொடுக்கும் மாதிரிகளாகவே படுகின்றன. யாருடைய முகமும் அல்ல. ஆகவே யாருக்கும் வலிக்காது.

1565-ல் பாரீஸில் ரிஷார் பிரெதோன் வெளியிட்ட 'பாந்தாகுருவேலின் வேடிக்கைக் கனவுகள்' வேறு ரகம். மரக்கட்டையில் வெட்டிய 120 உருவங்கள். பானையும் மீனும் துருத்தியும் மனித உடம்போடு ஒட்டிக்கொண்டு, நீண்ட மூக்கோடு நடமாடுகின்றன. ராபலேயின் கைவேலை என்று பதிப்பாளர் முன்னுரையில் சொல்லிவிட்டார். ராபலே 1553-லேயே காலமாகிவிட்டார். மறுக்க ஆள் இல்லை. (பதிப்பாளர்கள் எந்த தேசத்திலும் பதிப்பாளர்களே.) வரைந்தவர் பிரான்ஸுவா தெப்ரே என்பது இன்று பெரும்பாலோர் அபிப்பிராயம். 1562-ல் அவர் பல நாட்டு உடைகளைப் படமாக்கிய புத்தகத்திலேயே ஒற்றைக் கண்ணனும் கடல் பாதிரியும் வந்து புகுந்துகொண்டார்கள். இந்தக் கனவுகளைப் பார்த்து மனம்விட்டுச் சிரிக்கலாம். பானைக்கு வயிறு முளைத்தால் யாருக்கு அவமானம்?

சங்கடம் ழாக் கல்லோவிடம் தொடங்குகிறது. லொரேன் நாட்டு நான்ஸியில் 1592-ல் பிறந்தவர்; பிளாரென்ஸில் மெதிச்சி பிரபுக்களிடம் வேலை பார்த்து 1621-ல் ஊர் திரும்பியவர். அவருடைய கூனர் வரிசையில் முகப்போடு சேர்த்து 21 படங்கள். இவை கனவல்ல, இப்படிப்பட்டவர்கள் பிரபுக்கள் சபையில் வேடிக்கை காட்டிப் பிழைத்தவர்கள். கட்டைக்காலும் ஊன்றுகோலுமாக ஒருவன் நிற்கிறான். இது கொடுமை என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் திறந்தபோது பிடில் வாசிக்கும் கூனன் கண்ணில் பட்டான். அவன் நம்மைக் கவனிக்கவில்லை, வாசிப்பில் இருக்கிறான். முதுகைப் பார்த்து யார் சிரித்தாலும் வில் நிற்காது என்று தோன்றுகிறது. கல்லோ சிரிக்கத்தான் வரைந்தார். ஆனாலும் அந்த மனிதனிடமிருந்து பிடிலைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

என் கதையை எடுத்து மறுபடி படித்தேன். பதினோரு பக்கம். அந்தக் குமாஸ்தா என்ன கணக்கு எழுதினான், யாருக்குக் கடன்பட்டிருந்தான், ஒன்றுமே இல்லை. திக்குகிறான், அவ்வளவுதான். அடுத்த தொகுதிக்கு அதையும் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.