காலிப் படுக்கையின் கணக்கு

அமைதிக்காலத்து ராணுவ மருத்துவமனை வீண்செலவு என்பவர்கள் முதலில் கைகாட்டுவது அங்குள்ள காலிப் படுக்கைகளைத்தான். அது அரைக் கணக்கு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படை சண்டையில் இறங்கியபோது, காயம்பட்டவர்கள் கடல் தாண்டிச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சண்டை மூண்ட பிறகு மருத்துவமனை கட்ட முடியாது. ஆகவே சில படுக்கைகள் காலியாகக் கிடப்பதில் தவறில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது. சம்பளம், மின்சாரம், கருவிப் பராமரிப்பு எல்லாம் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு. கோவளத்திலோ திருப்போரூரிலோ வசிக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு இதய அடைப்பு என்றால், 2003-இல் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் பாலிகிளினிக் சீட்டு எழுதிக் கொடுக்க, அவர் பெரும்பாலும் போய்ச் சேர்வது தனியார் மருத்துவமனையில். அந்த பில்லையும் கட்டுவது அதே பாதுகாப்பு அமைச்சகம்தான். நிலுவை ஏறினால் தனியார் கதவு பாதி சாத்திக்கொள்ளும். சொந்த மருத்துவமனைக்கு ஒரு செலவு, வெளியே இன்னொரு செலவு!

பணத்தைவிடப் பெரிய நட்டம் கைப்பழக்கம். ராணுவ அறுவை மருத்துவரிடம் அன்றாடம் வருபவர்களில் பலர் திடமான இளைஞர்கள். குண்டடிக்கு ஒப்பான காயத்தை அவர் அபூர்வமாகவே பார்க்கிறார். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனை, விபத்தில் சிக்கிய பொதுமக்களையும் உயர்நிலைக் காய சிகிச்சைக்கு ஏற்பது இதனால்தான். பிரிட்டன் மறுகோடிக்குப் போனது: 2007-இல் ஹாஸ்லர் ராணுவ மருத்துவமனையைப் பொது மருத்துவத் துறையிடம் விட்டுவிட்டு, ராணுவ மருத்துவர்களைப் பொது மருத்துவமனைகளில் அமர்த்தியது. ஏற்கெனவே நிரம்பி வழியும் நம் அரசு மருத்துவமனைகளுக்கு அந்த வழி பொருந்தாது; ராணுவ மருத்துவமனையில் பொதுமக்களை ஏற்கும் அமெரிக்க வழியே பொருந்தும்.

பொதுமக்களை விட்டால் பாதுகாப்பு கெடும், சிப்பாய் வரிசையில் நிற்க நேரும் என்பார்கள். இரண்டாவது அச்சம் நியாயமானது. சிப்பாய்களுக்கென்று படுக்கைகளை ஒதுக்கிவைத்தால் தீரும். முதலாவதற்குச் சென்னையின் வரலாறே பதில். இன்றைய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை 1664-இல் கோட்டைக்குள், மாதம் இரண்டு வராகன் வாடகை வீட்டில், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. 1842-இல் இந்தியர்களுக்கும் திறந்தது. எல்லா நோய்க்கும் திறக்கச் சொல்லவில்லை, விபத்துக் காயத்துக்கு மட்டும் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து புதிதல்ல. கோவளத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைவிடப் பரங்கிமலை ராணுவ முகாம் தொலைவுமில்லை. முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் மாநில அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. தனியாருக்கு அதன் கீழ்ப் பணம் தர முடிகிற மாநிலம், மத்திய அரசு மருத்துவமனைக்கும் தரலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு அந்த நோயாளியை எங்கே மாற்றுவது, யார் கணக்கில் எழுதுவது என்பதை மட்டும் இரு அரசுகளும் முன்கூட்டியே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். இல்லையேல் ஈ.சி.எச்.எஸ். நிலுவைக் கதையே இங்கும் தொடரும்.