ஏழாம் படமும் ஏணிச் சிறகும்

அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லுக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கொடுத்த காப்புரிமைகள் மொத்தம் 30. அவற்றில் 18 அவர் தனியாகப் பெற்றவை, 12 கூட்டாளிகளோடு சேர்ந்து பெற்றவை. தந்தி, தொலைபேசி வகையில் 14. ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி அனுப்பும் ஃபோட்டோஃபோனுக்கு 4, செலினியம் கலத்துக்கு 2, ஒலிப்பதிவுக்கு 1, பறக்கும் கருவிகளுக்கு 5. மீதி 4 தண்ணீரின் மேல் எழும்பி ஓடும் படகு வகைக்கு.

தொலைபேசியும் செய்தார், படகும் செய்தார் என்றால், கைக்கு அகப்பட்டதையெல்லாம் நோண்டிப் பார்த்த மனிதர் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1876இல் வாங்கிய தொலைபேசிக் காப்புரிமையையும் 1922இல் வாங்கிய படகுக் காப்புரிமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே ஆளின் கைவாகு தெரிகிறது. மின்சாரமோ வெளிச்சமோ தண்ணீரின் தாங்குவிசையோ, எதையும் அவர் சட்டென்று அறுக்க விரும்புவதில்லை. கூடட்டும், குறையட்டும், ஆனால் இழை விட்டுப்போகக் கூடாது. ஒலித் துறையில் அவர் செய்தவற்றின் உயிர் இதில்தான் இருக்கிறது. படகிலும் இதே எண்ணம் வந்து நிற்பதுதான் என்னைக் கவர்ந்தது.

காப்புரிமை ஆவணம் என்றாலே வக்கீல் பாஷை என்று ஒதுக்கிவிடுகிறோம். கடைசியில் வரும் உரிமைக்கோரிக்கைகள் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் வரும் விளக்கத்துக்குக் கண்டிப்பான ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் அதைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் அதே கருவியைச் செய்ய முடிய வேண்டும். அதனால் அதில் பூச்சுக்கு இடமில்லை. படத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எழுத்து இருக்கும். உரையில் அந்த எழுத்து வரும் இடத்தில் அந்த உறுப்புக்கு என்ன வேலை என்பதும் வரும். வெட்டியாக நிற்கும் கோடு இருக்காது. இந்தக் கட்டுக்குள் நின்று தெளிவாக எழுதுவது ஒரு கலை. பெல்லுக்கு அது கைவந்திருந்தது.

தொலைபேசிக் காப்புரிமையின் எண் 174465. 1876 பிப்ரவரி 14 அன்று வாஷிங்டனில் தாக்கலாகி, மார்ச் 7 அன்று வழங்கப்பட்டது. பெல்லுக்கு 29 வயது நிறைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தலைப்பு தந்தியில் ஒரு மேம்பாடு என்றுதான் சொல்கிறது. உள்ளேயும் பெரும்பகுதி தந்திதான். ஒரே கம்பியில் ஒரே நேரத்தில், வெவ்வேறு சுருதிகளில், பல செய்திகளை அனுப்புவது எப்படி என்று விளக்குகிறார். அன்று காசு அதில்தான் இருந்தது. மொத்தம் ஏழு படங்கள். முதலில் வருபவை கருவிகளே அல்ல, மின்னோட்டத்தின் வரைகோடுகள். விட்டு விட்டு வரும் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாகவும், ஏறி இறங்கும் மின்னோட்டத்தை வளைகோடாகவும் போட்டுக் காட்டுகிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாக மனதில் ஏற்றிவிட்ட பிறகுதான் ஏழாம் படத்துக்கு அழைத்துப் போகிறார்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இடது பக்கம் ஒரு கூம்பு, அதன் பெயர் A. கூம்பின் குறுகிய முனையில் இழுத்துக் கட்டிய சவ்வு a. சவ்வின் நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டின் நுனி ஒட்டியிருக்கிறது, அது c. அதன் மறுமுனை மின்காந்தம் b-யின் ஒரு காலில் தளர்வாகக் கோக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கம்பி புறப்பட்டு வலது பக்கம் போகிறது. அங்கே இன்னொரு மின்காந்தம், இன்னொரு இரும்புத் துண்டு, இன்னொரு சவ்வு, கடைசியில் L என்ற கூம்பு. A-க்குள் பேசினால் சவ்வு அதிர்கிறது, இரும்பு கூடவே ஆடுகிறது. காந்தத்தின் முன்னால் இரும்பு ஆடுவதால் கம்பியில் அதே வடிவத்தில் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. எதிர்முனையில் இருக்கும் இரும்பு அந்த ஆட்டத்தை அப்படியே நகலெடுக்க, L வழியாக அதே போன்ற ஒலி வெளிவருகிறது. இவ்வளவுதான். பேசும் முனையும் கேட்கும் முனையும் ஒரே மாதிரி. எது வாய், எது காது என்று கருவிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒலிக் கருவி ஒன்றின் சாரத்தை இவ்வளவு குறைந்த கோடுகளில் சொன்ன வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

இந்தப் படம் வந்த வழியும் படத்தைப் போலவே அழகானது. 1875 ஜூன் 2, பாஸ்டன் நகரின் கோர்ட் தெருவில் ஒரு மாடி. ஓர் அறையில் பெல், இன்னோர் அறையில் அவருடைய உதவியாளர் தாமஸ் வாட்சன். ரீடுகள் எனப்படும் அதிரும் மெல்லிய எஃகுத் தகடுகளை வைத்துச் சுருதித் தந்தி சோதனை நடக்கிறது. அதில் ரீடு அதிரும்போது ஒரு திருகைத் தொட்டு விலக வேண்டும். தொட்டால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். அன்று வாட்சன் பக்கத்தில் திருகு அதிகமாக இறுகிப்போய், ஒரு ரீடு ஒட்டிக்கொண்டது. விடுவிக்க வாட்சன் அதை விரலால் சுண்டினார். அடுத்த அறையில் இருந்த பெல்லின் காதில் ரீடின் நாதம் விழுந்தது, வெறும் டக் டக் சத்தமாக அல்ல, அதன் குணமும் கார்வையும் மாறாமல். ஓடி வந்து, எதையும் தொடாதே, என்ன செய்தாய் என்று காட்டு என்றார். திருகு இறுகியதால் மின்சுற்று அறுபடவே இல்லை. காந்தத்தின் முன்னால் ஆடிய எஃகு தானாகவே ஏறி இறங்கும் மின்னோட்டத்தை உண்டாக்கியிருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்று திருகைத் தளர்த்திவிட்டு வேலையைத் தொடர்வதுதான் தந்திக்காரர்களின் இயல்பு. பெல் தந்திக்காரர் அல்ல, குரலை அறிந்தவர். தாயார் காது கேளாதவர். தந்தை பேச்சொலிகளைக் கண்ணுக்குத் தெரியும் குறிகளாக எழுதும் முறையை வகுத்தவர். இவரே காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்த ஆசிரியர். ஓர் உயிரெழுத்து இன்னொன்றாக மாறும்போது நடுவில் எங்கும் வெட்டு விழுவதில்லை என்பது அவருக்குத் தொழில் வழியாகவே தெரிந்திருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக் அவருக்கு இறந்தவர் ஒருவரின் காதைக் கொடுத்து உதவினார். பெல் அதன் செவிப்பறையை ஈரப்படுத்தி இளக வைத்து, உள்ளே இருக்கும் சிற்றெலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டினார். புகை படிந்த கண்ணாடியில் துரும்பின் நுனி படுமாறு வைத்துக் காதுக்குள் பேசினார். கண்ணாடியில் குரலின் அலை எழுதப்பட்டது. இவ்வளவு மெல்லிய சவ்வு அதைவிடக் கனமான எலும்புகளை அசைக்கும் என்றால், இன்னும் கொஞ்சம் பெரிய சவ்வு ஒரு இரும்புத் துண்டை ஏன் அசைக்காது? ஏழாம் படத்தின் a-யும் c-யும் அந்தச் செவிப்பறையும் அந்தச் சிற்றெலும்பும்தான்.

காப்புரிமையின் கோரிக்கைகள் ஐந்து. ஐந்தாவது மட்டும் குரலைப் பற்றியது. குரலோடு சேர்ந்து காற்றில் எழும் அதிர்வின் வடிவத்தையே மின்னோட்டத்துக்கும் கொடுத்து அனுப்பும் முறையும் கருவியும் தன்னுடையவை என்கிறார். கருவியின் அளவையோ பொருளையோ சொல்லி வேலி போடவில்லை. வடிவம் ஒத்துப்போக வேண்டும் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். சுமார் 600 வழக்குகள் இதை உடைக்கப் பார்த்தன. 1888இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பெல் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளின் அறிக்கை நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் ஒன்றை முழுவதுமாக அடைத்துக்கொண்டது. பெல் மனு கொடுத்த அதே பிப்ரவரி 14 அன்று எலிஷா கிரே என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளரும் திரவத்தைப் பயன்படுத்தும் பேசுகருவி ஒன்றுக்கு முன்னறிவிப்பு கொடுத்திருந்தார். முதல் முறையாகத் தெளிவான பேச்சு கம்பியில் போனது காப்புரிமை கைக்கு வந்து மூன்று நாள் கழித்து, மார்ச் 10 அன்று. அப்போது பயன்பட்டதும் அமிலம் கலந்த நீரை வைத்துச் செய்த கருவியே தவிர ஏழாம் படம் அல்ல. யார் முதலில் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை, நியாயமான சர்ச்சைதான். ஆனால் ஏழாம் படம் வேலை செய்யும் என்பதைப் பின்னால் வந்த தொலைபேசிகள் காட்டிவிட்டன.

1880இல் வந்த ஃபோட்டோஃபோனைத்தான் பெல் தன் ஆகப் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதினார். அதற்கு முதலில் செய்தவற்றில் துளையிட்ட வட்டு சுழன்று வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும் ஒரு வகை உண்டு. அதில் இசைச் சுருதி கேட்டது, பேச்சுக்கு அது ஆகவில்லை. பேச்சுக்காக மெல்லிய கண்ணாடியின் முதுகில் பேசினார்கள். குரலுக்கு ஏற்ப அது குவிந்தும் குழிந்தும் வளைய, அதில் பட்டுத் திரும்பும் வெயில் கூடிக் குறைந்து தூரத்தில் இருந்த, வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் செலினியம் கலத்தில் விழுந்தது. வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியிலிருந்து உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டர் பேசியது 213 மீட்டர் தள்ளி இருந்த ஆய்வகத்தில் பெல்லுக்குக் கேட்டது, நடுவில் கம்பியே இல்லாமல். மேகம் மறைத்தால் பேச்சும் நின்றுவிடும் என்பதால் அது அன்று சந்தைக்கு வரவில்லை. கிராஃபோஃபோன் என்ற ஒலிப்பதிவுக் கருவியின் மெழுகு உருளையைப் பற்றியும் எழுத ஆசைதான். ஆனால் அதில் பெரும் பங்கு டெய்ன்டருக்கும் பெல்லின் பெரியப்பா மகன் சிச்செஸ்டர் பெல்லுக்கும் உரியது.

படகுக்கு வருவோம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவில், பிரா டோர் ஏரிக்கரையில் பேடெக் என்ற ஊர். அதை அடுத்து பெல்லின் பண்ணை, பென் வ்ரீயா. 1909 பிப்ரவரி 23 அன்று பெல்லின் குழு செய்த சில்வர் டார்ட் விமானம் பறந்ததும் இந்த ஏரியின் பனிப்பாளத்திலிருந்துதான். பெல்லோடு அங்கே வேலை செய்த பொறியாளர் ஃப்ரெடரிக் பால்ட்வின், எல்லோருக்கும் கேசி. 1910–11இல் உலகப் பயணம் போனபோது இருவரும் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியில் என்ரிக்கோ ஃபொர்லானினி செய்த, தண்ணீரின் மேல் எழும்பி ஓடும் ஹைட்ரோஃபாயில் படகில் சவாரி செய்தார்கள். திரும்பி வந்ததும் பேடெக்கில் அந்த வேலை சூடுபிடித்தது. தங்கள் படகுகளுக்கு எச்.டி. என்று வரிசையாக எண் போட்டார்கள். நான்காவதுதான் பெயர் எடுத்தது.

எச்.டி.-4 சுமார் 60 அடி நீளம், சுருட்டு வடிவம். ஓட்டுவதற்குத் தண்ணீருக்கு அடியில் சுழலி கிடையாது, மேலே விமானச் சுழலிகள்தான். அடியில் எஃகுத் தகடுகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஏணியில்தான் சூட்சுமம். தண்ணீரில் ஓடும் சிறகின் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் கால்வாசிச் சிறகு போதும். அப்படியென்றால் கிளம்பும்போது நிறையச் சிறகு வேண்டும், ஓட ஓட அது பாரம், இழுவை. பெல்லும் பால்ட்வினும் இதற்கு விசையோ நெம்புகோலோ வைக்கவில்லை. வேகம் கூடக் கூடப் படகு தானே எழும்புகிறது. எழும்பும்போது மேல்படிகள் தானே தண்ணீரை விட்டு வெளியே வருகின்றன. தேவையான பரப்பு மட்டும் உள்ளே மிஞ்சுகிறது. முழு வேகத்தில் ஏறத்தாழ 11,000 பவுண்டு எடையுள்ள அந்தப் படகைத் தாங்கி நின்றது சுமார் 4 சதுர அடித் தகடு.

இங்கேதான் எனக்கு ஏழாம் படம் நினைவுக்கு வருகிறது. தகடுகள் மட்டமாக இருந்திருந்தால், ஒவ்வொரு படியும் நீர்ப்பரப்பைத் தாண்டும் நொடியில் அதன் தூக்குவிசை மொத்தமாக அறுந்து படகு தொப்பென்று விழும். பிறகு எழும்பும், பிறகு விழும். அதற்காகத் தகடுகளைச் சரிவாக வைத்தார்கள். ஒரு தகட்டின் ஒரு முனை வெளியே வரும்போது மறுமுனை இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. ஒரு படியின் தாங்கல் கரைந்துபோவதற்குள் அடுத்த படி பாரத்தை ஏற்றுவிடுகிறது. சுற்று அறுபடாத திருகும் தாங்கல் அறுபடாத தகடும் ஒரே மனதில் பிறந்தவை. படகில் பாதி மனம் பால்ட்வினுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காப்புரிமையிலும் இருவர் பெயரும் இருக்கின்றன.

1919 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்கக் கடற்படை கொடுத்த 350 குதிரைத்திறன் லிபர்டி எஞ்சின்கள் இரண்டை வைத்துக்கொண்டு எச்.டி.-4 மணிக்கு 70.86 மைல், அதாவது 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. பெல்லுக்கு அப்போது 72 வயது. அமெரிக்கக் கடற்படையும் பிரிட்டிஷ் கடற்படையும் வந்து பார்த்தன, ஆனால் ஒரு படகுகூட வாங்கவில்லை. எஞ்சின்களைக் கழற்றிக்கொண்ட பிறகு உடற்கூடு பென் வ்ரீயாவின் கரையிலேயே பல ஆண்டுகள் கிடந்தது. காப்புரிமைகள் 1922 மார்ச்சில் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று பெல் அங்கேயே இறந்தார்.

வாங்க ஆள் இல்லாமல் போனது படைப்பின் குறை அல்ல. தொலைபேசியின் புகழை ஒரு பக்கம் வைத்துவிட்டு ரசனையை மட்டும் கேட்டால், பெல்லின் 30 காப்புரிமைகளில் அந்த ஏணிச் சிறகுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். ஏழாம் படம் அடுத்து வரும். பழைய காப்புரிமைகளெல்லாம் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 174465 என்ற எண்ணைத் தட்டி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டுப் படித்துப் பாருங்கள். அதை முடித்த கையோடு 1922இன் படகுக் காப்புரிமைகளையும் தேடி எடுங்கள். கனடா போக வாய்ப்பு உள்ளவர்கள் பேடெக்கில் இருக்கும் பெல் அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். எச்.டி.-4இன் அசல் உடற்கூடும், முழு அளவில் செய்த மாதிரியும் அங்கே இருக்கின்றன.